டொங்கில் காட்டுற டிபி நம்பரை எப்ப நம்புறது, எப்ப நம்பக்கூடாது

போகவந்தலாவ பக்கம் தோட்டத்துல இருக்கிற தம்பி ஒருத்தர் மூணு விசயம் கேட்டிருந்தார். ஆர்டிஎல் எஸ்டிஆர் டொங்கில்னு, கம்ப்யூட்டர்ல ரேடியோ சிக்னலை கேக்கவும் பாக்கவும் உதவுற குட்டி சாமான் ஒண்ணு வாங்கி லெப்டொப்ல சொருகி பார்த்திருக்கார். ஒரே எப்எம் ஸ்டேஷன் ஹட்டன் டவுன்ல மச்சான் வீட்டு மாடியில -22 டிபி (சிக்னல் பலத்தை ஒப்பிட்டு சொல்ற அளவு) காட்டுது, மலைக்கு பின்னால கிடக்கிற அவங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) -24 காட்டுது, ஆனா டவுன்ல கண்ணாடி மாதிரி கேக்குறது லயத்துல கரகரக்குது, அப்ப இந்த நம்பருக்கு என்னதான் அர்த்தம், இது ஒண்ணு. ரெண்டாவது, அதே மாடியில 121 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பிளேன்காரங்க பேசுற இடத்துல, ரெண்டு பாட்டு ஒண்ணோட ஒண்ணு கலந்து கேக்குது, யாராச்சும் கள்ள ஸ்டேஷன் நடத்துறாங்களா. மூணாவது, லயத்துல போன் சிக்னல் எந்த மூலையில நல்லா இருக்குனு இதை வச்சு அளந்துரலாமா.

நான் பண்டாரவளை பக்கம் டிவி, டிஷ், ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருக்கிறவன், இந்த டொங்கிலோட ரொம்ப வருசமா மல்லுக்கட்டி இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன் தம்பி, டீ ஊத்தி வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல அந்த சாமான் என்னனு தெரிஞ்சுக்குங்க. அது அளக்குறதுக்குனு செஞ்ச மெசினே இல்ல. ரியல்டெக் கம்பெனி கம்ப்யூட்டர்ல டிஜிட்டல் டிவி பாக்குறதுக்கு செஞ்ச ஆர்டிஎல்2832யூ-னு ஒரு சிப், அதுக்கு முன்னால ஒரு டியூனர் சிப், அவ்வளவுதான். 2012-ல பின்லாந்துக்காரர் அன்டி பலோசாரி இந்த சிப் ரேடியோ கேக்குற மோட்ல பச்சை சேம்பிளை, அதாவது சிக்னலை அளந்த நம்பர்களை, அப்படியே கம்ப்யூட்டருக்கு தள்ளுதுனு கவனிச்சார், பிறகு ஒஸ்மோகொம்ங்கிற இலவச சொஃப்ட்வெயார் குழு ஆளுங்க அதுக்கு டிரைவர் எழுதினாங்க, அதோட உலகம் பூரா இது பத்திக்கிச்சு. உள்ள இருக்கிற ஏடிசி, அதாவது சிக்னலை நம்பரா மாத்துற பகுதி, 8 பிட். கணக்குப்படி பெரிய சிக்னலுக்கும் சின்ன சிக்னலுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 50 டிபிதான் அது ஒரே நேரத்துல தாங்கும். இந்த 50-ஐ மனசுல வச்சுக்குங்க, உங்க ரெண்டாவது கேள்வி பூரா இதுலதான் கிடக்கு.

இப்ப -22, -24 கதை. அந்த டிபி, மில்லிவொட்டை வச்சு நிஜ பவரை சொல்ற டிபிஎம் இல்ல தம்பி. ஏடிசி நிரம்பி வழியிற இடத்தை 0-னு வச்சு அதுக்கு எவ்வளவு கீழனு சொல்ற நம்பர் அது. பீலிப் பீப்பாவுல தண்ணி வாய்க்கு எத்தனை விரக்கடை கீழ நிக்குதுனு பாக்குற மாதிரி. பீப்பா பெருசா சின்னதானு அது சொல்லாது. அதுலயும் நீங்க கெயினை, அதாவது சிக்னலை பெருக்குற அளவை, ஓட்டோவுல விட்டிருப்பீங்கனு நெனைக்கிறேன். ஓட்டோ கெயின்னா என்ன, சிக்னல் குறைஞ்சா அது தானா தூக்கும், கூடினா தானா அமுக்கும், அதோட வேலையே எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு கொண்டுவர்றதுதான். டவுன்ல அமுக்கி -22, லயத்துல தூக்கி -24. நிஜத்துல ரெண்டுக்கும் நடுவுல 30, 40 டிபி வித்தியாசம் கூட இருக்கலாம், அதை முழுசா இந்த ஓட்டோ கெயின், ஏஜிசினு சொல்றது, முழுங்கிருச்சு. லயத்துல கரகரப்பு ஏன்னா, சிக்னலை தூக்கும்போது கூடவே இரைச்சலையும் தூக்குது.

அதனால அளக்க உக்காந்தா முதல் வேலை ரெண்டு ஏஜிசியையும் நிறுத்துறது. ஆமா ரெண்டு இருக்கு, டியூனர் ஏஜிசி ஒண்ணு, ஆர்டிஎல் ஏஜிசினு இன்னொண்ணு, நிறைய பேர் ஒண்ண மட்டும் நிறுத்திட்டு நிறுத்தியாச்சுனு நெனைக்கிறாங்க. நிறுத்திட்டு கெயினை ஒரு நம்பர்ல வைங்க, 20 பக்கத்துல ஏதாவது ஒண்ணு, அந்த நம்பரை கொப்பியில எழுதிக்குங்க, டவுன்லயும் லயத்துலயும் அதே நம்பர், அதே அன்டெனா, அதே கேபிள், அதே உயரம். அப்ப வர்ற வித்தியாசம் நிஜ வித்தியாசம்.

இன்னொரு குழப்பமும் இருக்கு, உங்க கூட்டாளி என்னோடதுல நொய்ஸ் ஃப்ளோர் (அடியில எப்பவும் நிக்கிற இரைச்சல் மட்டம்) -90-க்கு போகுது உன்னோடது -78-தானேனு பீத்திக்குவார், அதுக்கும் இதே கதைதான். எஃப்எஃப்டி சைஸ்னு, ஃப்ரீக்வென்சியை எத்தனை கட்டமா வெட்டுறதுனு சொல்ற ஒரு செட்டிங் இருக்குல்ல, 2.4 மெகா சேம்பிள்ல 4096 வச்சா ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 586 ஹெர்ட்ஸ் அகலம், 65536 வச்சா 37 ஹெர்ட்ஸ். கட்டம் சின்னதானா அதுக்குள்ள விழுற இரைச்சலும் கொறையும், ரெட்டிப்பாக்குறதுக்கு 3 டிபி, 16 மடங்குக்கு 12 டிபி. டொங்கில் ஒண்ணும் நல்லதாகல, சல்லடை கண்ணுதான் மாறிச்சு. மெல்லிசான கேரியர், அதாவது பாட்டு பேச்சு ஏறாத ஒத்தை சிக்னல், அப்படியே நிக்கும், ஆனா எப்எம் மாதிரி 200 கிலோஹெர்ட்ஸ் அகலமா பரவின சிக்னல் உச்சியும் சேர்ந்து கீழ இறங்கும். அதனால எப்எம் ஸ்டேஷனோட உச்சியை பார்த்து நம்பர் எழுதாதீங்க, அந்த 200 கிலோஹெர்ட்ஸ் முழுசுக்கும் பவரை கூட்டி எடுக்கணும். கூட்டுறதுன்னா டிபியை கூட்டுறதில்ல, ஒவ்வொண்ணையும் டிபியில இருந்து சாதா பவர் நம்பருக்கு மாத்தி, கூட்டி, திரும்ப டிபிக்கு கொண்டுவரணும். ஆர்டிஎல் பவர்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது துண்டு துண்டா தாவி தாவி ஸ்கேன் பண்ணி ஒரு சிஎஸ்வி பைலா குடுக்கும், அதை எக்செல்ல போட்டா இந்த கூட்டல் லேசா முடிஞ்சிரும்.

இப்ப 121-ல பாட்டு. இதை கொஞ்சம் ஆறுதலா சொல்றேன், ஏன்னா இதுல நானே மானம் போய் நின்னிருக்கேன். டொங்கில் வாங்கின புதுசுல 194 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது டிவி பேண்ட்ல, ரேடியோ பாட்டு கேட்டுச்சு எனக்கு. பக்கத்துல கேபிள் இழுத்து வச்சிருக்கிற ஒரு ஆள்கிட்ட போய் ஒங்க லைன்லதான் லீக்குனு சத்தம் போட்டு, அவரும் பாவம் கம்பத்துல ஏறி எல்லா ஜொயின்டையும் முறுக்கிட்டு வந்தார், ஒண்ணும் மாறல. ரெண்டு நாள் கழிச்சு யோசிச்சு பார்த்தா 90 சொச்சமும் 104 சொச்சமும் கூட்டினா 194. வெளியில அப்படி ஒரு சிக்னலே இல்ல, என் டொங்கில் உள்ளுக்குள்ள ரெண்டு ஸ்டேஷனை கலந்து மூணாவதா ஒண்ண பெத்து வச்சிருக்கு. அந்த ஆள் இன்னைக்கும் என்னை கண்டா சிரிப்பார்.

உங்களுக்கும் அதே பேய்தான், கொஞ்சம் வேற ஜாதி. ஒரு ஸ்டேஷனை ரெட்டிப்பாக்கி இன்னொண்ண கழிச்சு பாருங்க, உதாரணத்துக்கு 107-ஐ ரெட்டிப்பாக்கினா 214, அதுல 93-ஐ கழிச்சா 121. நேரா பிளேன் பேண்ட்ல விழுது. ரெண்டு பாட்டு கலந்து கேக்குதுனு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுதான் அடையாளம், அதுலயும் ஒரு ஸ்டேஷன் குரல் மட்டும் பெரிசா கிழிஞ்சு கேக்கும், ஏன்னா ரெட்டிப்பானதோட டீவியேஷனும், அதாவது குரலுக்கு ஏத்த மாதிரி ஃப்ரீக்வென்சி ஆடுற அகலமும், ரெட்டிப்பாயிருக்கு. கள்ள ஸ்டேஷன் நடத்துறவன் ரெண்டு பாட்டை ஒண்ணா போட மாட்டான்ல.

இது மலைநாட்டுல ஏன் இவ்வளவு பிரச்சினைனா, நம்மளுக்கு டவர் எல்லாம் தலைக்கு மேல. பீதுருதாலகால 2524 மீட்டர், நாட்டுலயே உசரமான மலை, 1982-ல ரூபவாஹினி ஆரம்பிச்சப்பவே டிரான்ஸ்மிட்டர் அங்கதான் வச்சாங்க. உங்க ஊர்ல இருந்து அந்த மலை நேர்கோட்டுல கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர்தான். நடுவுல ஒண்ணும் மறைக்கலைனா 25 கிலோமீட்டருக்கு 100 மெகாஹெர்ட்ஸ்ல வெட்டவெளி இழப்பு சுமார் 100 டிபி. அந்த மாதிரி ஒரு உச்சியில இருந்து சும்மா 1 கிலோவொட் போகுதுனு வைங்க, அது 60 டிபிஎம், 100 கழிச்சா -40 டிபிஎம் உங்க அன்டெனாவுக்கு வருது. எப்எம் செனல் ஒண்ணுல டொங்கிலோட சொந்த இரைச்சல் -115 பக்கம்தான் இருக்கும், ஆக 75 டிபி மேல நிக்குது, முன்ன சொன்ன 50-ஐ தாண்டியாச்சு, அதுல கெயினை முழுசா 49.6-ல வச்சா வழியாம என்ன செய்யும். அந்த மாதிரி பத்து பன்னெண்டு ஸ்டேஷன் ஒண்ணா வந்து விழுது, கொழுந்து நிறுக்கிற தராசுல லொறியை ஏத்தின கணக்குதான்.

பேயா நிஜமானு கண்டுபிடிக்க மந்திரம் ஒண்ணும் வேணாம், 10 டிபி அட்டெனுவேட்டர் ஒண்ணு வேணும், பேட்னு சொல்லுவாங்க, விரல் நுனி அளவுல எஸ்எம்ஏ கனெக்டரோட வரும், டொங்கிலை விட ரொம்ப மலிவு. கெயின் மாத்தாம அதை அன்டெனாவுக்கும் டொங்கிலுக்கும் நடுவுல போடுங்க. சிக்னல் சரியா 10 டிபி இறங்கிச்சா, அது நிஜமா வெளியில இருந்து வர்றது. 20 இறங்கிச்சுனா ரெண்டு ஸ்டேஷன் கூட்டுனதுல பிறந்தது, என் 194 மாதிரி. 30 இறங்கிச்சு, இல்ல மொத்தமா காணாம போச்சுனா உங்க 121 மாதிரி, ஒண்ண ரெட்டிப்பாக்கி இன்னொண்ண கழிச்சு பிறந்த மூணாவது ஓர்டர் பேய். இறங்கவே இல்லைனா ஒண்ணு ஏஜிசி நிக்கல, இல்லாட்டி அந்த சிக்னல் அன்டெனா வழியா வரவே இல்ல, டொங்கிலுக்குள்ளயோ லெப்டொப்லயோதான் உண்டாகுது. இன்னொரு வேடிக்கையும் நடக்கும், பேட் போட்டதும் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன் முன்னைய விட நல்லா கேக்கும். சிக்னலை கொறைச்சா எப்படி நல்லா கேக்கும்னு முழிக்காதீங்க, அதுவரைக்கும் டொங்கில் மூச்சு முட்டி கிடந்திருக்கு, இப்பதான் மூச்சு விடுது.

இறங்காத சிக்னல்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணு எல்லாருக்கும் மாட்டும். டொங்கிலுக்குள்ள 28.8 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒண்ணு துடிச்சுக்கிட்டே இருக்கும், அதோட மடங்குல எல்லாம் ஒரு முள்ளு நிக்கும். அஞ்சால பெருக்கினா 144, பதினஞ்சால பெருக்கினா 432, 144 ஹாம் ஆளுங்க, அதாவது பொழுதுபோக்குக்கு ரேடியோவுல பேசுறவங்க, பேண்ட் ஆரம்பிக்கிற இடம், 432-உம் அவங்க இன்னொரு பேண்டுக்குள்ளதான் விழுது, அதனாலதான் புதுசா வாங்கின ஒவ்வொருத்தனும் 144-ல யாரோ கேரியர் விடுறான்னு ஒரு தடவையாவது சொல்லுவான். அன்டெனாவை கழட்டி பாருங்க, அப்பவும் நின்னா அது உங்க வீட்டு முள்ளுதான்.

கரண்ட் இரைச்சலையும் இதோட சொல்லிர்றேன். மலிவு எல்இடி பல்பு, சிசிடிவி அடெப்டர், சோலார் சார்ஜர், இதெல்லாம் கீழ் பேண்ட்ல, முக்கியமா 30 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ, சீப்பு பல்லு மாதிரி வரிசையா நிக்கும். கொஞ்சம் தள்ளி ஃபெக்டரி இருந்தா அதுவும் சேரும், நான் ஒரு தோட்டத்துல ராத்திரி அளந்தப்ப நொய்ஸ் திடீர்னு 10 டிபி ஏறிச்சு, என்னடானு பார்த்தா கொழுந்து வாட்டுற பெரிய ஃபேன் போட்டிருக்காங்க, அதுக்கு புதுசா மாட்டின ஸ்பீட் கண்ட்ரோலர் செஞ்ச வேலை, விடியக்காலையில ஃபேன் நின்னதும் இதுவும் நின்னுச்சு. அதனால அளக்கும்போது லெப்டொப் சார்ஜரை கழட்டிட்டு பெட்டரியில ஓட்டுங்க, டொங்கிலை நேரா லெப்டொப்ல சொருகாம ஒரு மீட்டர் யூஎஸ்பி வயர்ல தள்ளி வைங்க, வயர்ல இரைச்சலை தடுக்கிற ஃபெரைட் கட்டி ஒண்ணு கவ்வ விடுங்க, நேரத்தையும் எழுதிக்குங்க. மெயினை ஓஃப் பண்ணி பார்த்தா எது உங்க வீட்டு இரைச்சல், எது பக்கத்து காம்பரா இரைச்சல்னு தெரிஞ்சிரும், வீட்டுல ஆள் சீரியல் பாக்காத நேரமா பார்த்து பண்ணுங்க.

சரி, நிஜ டிபிஎம் வேணும்னா என்ன பண்றது. தெரிஞ்ச ஒண்ணோட ஒப்பிடணும், வேற வழி இல்ல. யார்கிட்டயாவது டைனிஎஸ்ஏ இருந்தா ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்க. 2020-ல நெதர்லாந்துக்காரர் எரிக் காஷோக் உருவாக்கின கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் அது, பழைய நோக்கியா போன் தடிப்புல இருக்கும், சிக்னல் ஜெனரேட்டராவும் வேலை செய்யும். அதுல -50 டிபிஎம் வச்சு கேபிள்ல நேரா டொங்கிலுக்கு குடுங்க, டொங்கில் -31 காட்டிச்சுனா அந்த கெயின்ல, அந்த ஃப்ரீக்வென்சியில 19 கழிக்கணும்னு எழுதிக்குங்க. கெயின் மாத்தினாலும் ஃப்ரீக்வென்சி மாத்தினாலும் அந்த 19 செல்லாது, திரும்ப எடுக்கணும், அதனால உங்களுக்கு தேவையான மூணு நாலு இடத்துக்கு மட்டும் எடுத்தா போதும். டிவி டிஷ் வேலை செய்றவங்க மீட்டர்ல டிபி மைக்ரோவோல்ட் இருக்கும், 75 ஓம்ல அது டிபிஎம்மோட 108.75 கூட்டினா வரும், 50 ஓம்னா 107. நான் ஆரம்பத்துல இப்படித்தான் டிஷ் மீட்டரோட ஒப்பிட்டு ஒப்பிட்டு பழகினேன்.

ஃப்ரீக்வென்சியும் தள்ளி நிக்கும், மலிவு டொங்கில்ல 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) பிழை சாதாரணம், 900 மெகாஹெர்ட்ஸ்ல அது 45 கிலோஹெர்ட்ஸ். 2ஜி டவர் ஃப்ரீக்வென்சி ரொம்ப துல்லியமானது, அதை பிடிச்சு பிழையை சொல்ற கலிப்ரேட் ஆர்டிஎல்-னு ஒரு புரோகிராம் இருக்கு. டொங்கில் சூடாகி இருவது நிமிசம் கழிச்சு ஓட்டுங்க, நம்ம குளிர்ல இன்னும் கொஞ்சம் கூடவே விடுங்க.

மூணாவது கேள்வி, போன். இதுல உங்களை ஏமாத்த விரும்பல தம்பி, இந்த டொங்கில் 1766 மெகாஹெர்ட்ஸோட முடிஞ்சு போகுது. நம்ம நாட்டுல 4ஜி ஓடுற முக்கியமான 1800 பேண்ட்ல டவர் பேசுறது 1805-ல இருந்து 1880 வரைக்கும். வாசல்ல வந்து கதவு சாத்தின மாதிரி. 900 பேண்டை பார்க்கலாம், ஆனா அதை வச்சு 1800-ஐ கணிக்க முடியாது, ஏன்னா நம்ம மலை. டவருக்கும் உங்களுக்கும் நடுவுல மலை முகடு பார்வைக் கோட்டை சும்மா தொட்டாலே 6 டிபி போயிரும், முகடு அதுக்கு மேல ஏறிச்சுனா 20-ஐ தாண்டும், ஃப்ரீக்வென்சி கூட கூட இழப்பும் கூடும். எப்எம் முகட்டை வளைஞ்சு உங்க லயத்துக்கு கரகரனாவது வந்து சேருது, 1800 அப்படி வளையாது.

போன்லயே ஆர்எஸ்ஆர்பி, அதாவது 4ஜி டவர் சிக்னலோட பலத்தை டிபிஎம்ல, காட்டுற இலவச ஆப் இருக்கு, அந்த வேலைக்கு அதுதான் சரி. -90-ஐ விட மேல இருந்தா நல்லது, -110-க்கு கீழ போனா அறுந்து அறுந்து வரும். ஆனா ஒரு இடத்துல ஒரு தடவை பார்த்துட்டு முடிவெடுக்காதீங்க. லயத்து கூரை தகரம், சிக்னல் அதுல பட்டு பட்டு தெறிச்சு ஒண்ணோட ஒண்ணு மோதும், 1800-ல 8 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை குழி விழலாம், குழிக்கும் மேட்டுக்கும் 20 டிபி சாதாரணம். ஜன்னல்ல வச்சா நெட் ஓடுது கையில எடுத்தா நிக்குதுனு நம்ம ஆளுங்க சொல்றது இதைத்தான். ஒரு மூலையில ஒரு முழம் அகலத்துக்கு மெல்ல நகர்த்தி எட்டு பத்து நம்பர் எடுத்து சராசரி பாருங்க, அப்புறம் அடுத்த மூலை. இஸ்தோப்புல டவர் இருக்கிற திசையை பார்த்து வெளியில, தகரத்துக்கு மேல தூக்கி வச்சா வர்ற லாபம் உள்ள எத்தனை மூலை மாத்தினாலும் வராது.

டொங்கிலை விட்டுட்டு டைனிஎஸ்ஏ வாங்கட்டுமானு அடுத்து கேப்பீங்க. முதல் மொடல் 960 மெகாஹெர்ட்ஸோட நிக்கும், அல்ட்ரா மொடல் 5 கிகாஹெர்ட்ஸை தாண்டி போகும், டிபிஎம்மை நேரா காட்டும், ஆனா பாட்டு என்ன பாட்டுனு டொங்கில் மாதிரி வசதியா பிரிச்சு கேக்குறதுக்கு செஞ்சது இல்ல அது, முக்கியமா சிக்னலோட உருவத்தை பாக்குறதுக்குத்தான். டவர் அடியில நின்னுக்கிட்டு பெரிய அன்டெனாவை அதுல மாட்டாதீங்க, ஹாம் செட்டை நேரா சொருகி டிரான்ஸ்மிட் அமுக்கினீங்கனா அதோட கதை முடிஞ்சிரும். ஜெனரேட்டரை கேபிள்லயே வச்சு பாவிங்க, அன்டெனாவை மாட்டி காத்துல விட்டா அது டிரான்ஸ்மிஷன், அதுக்கு இங்க டிஆர்சி, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, லைசன்ஸ் வேணும்.

உங்க நிலைமைக்கு நானா இருந்தா இப்ப புது மெசின் வாங்க மாட்டேன். 10 டிபி பேட் ஒண்ணு, 88-ல இருந்து 108 வரைக்கும் அடைக்கிற எப்எம் நொட்ச் ஃபில்டர் ஒண்ணு, ரெண்டையும் எடுத்துக்கிட்டு மறுபடி மச்சான் வீட்டு மாடிக்கு ஏறுவேன். முதல்ல பேட் போட்டு அந்த 121 எத்தனை இறங்குதுனு பாருங்க, பிறகு பேட்டை கழட்டிட்டு நொட்ச் போட்டு பாருங்க. பாட்டு அடங்கின இடத்துல, பொறுமையா உக்காந்தீங்கனா, மேல போற பிளேன்காரன் குரல் கேக்கும், ஏஎம்ல வைக்க மறந்துராதீங்க.